உங்களுக்கென்ன, வயசா ஆயிடுச்சு?

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் 11 வருடம் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். மரபுத்தொடர் பாடம் வரும்போது கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள். 'லாங் இன் த டூத்' என்றால் வயதானவர். 'ஓவர் த ஹில்' என்றால் வயதானவர். 'நோ ஸ்ப்ரிங் சிக்கன்', இதுவும் வயதானவர். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மூன்றுக்கும் ஒரே பொருள் என்றால் மூன்று எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

2022 கடைசியில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்து இங்கிலாந்து வந்தேன். ஊர் ஈஸ்ட்போர்ன். தெற்குக் கடற்கரை. ஊருக்கு மேற்கே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறைகள் கடலைப் பார்த்து நிற்கும். கோடைகாலத்தில் கடற்கரை மேடையில் பேண்டு வாசிப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து குடியேறும் ஊர். ரயிலடியிலிருந்து என்னை ஏற்றி வந்த டாக்ஸிக்காரர் எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். "அப்போ காட்ஸ் வெயிட்டிங் ரூமுக்கு வந்துட்டீங்க" என்றார். கடவுளின் காத்திருப்பு அறை. ஈஸ்ட்போர்னுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் பல காலமாக உண்டாம். அவர் சிரித்தார். அவருக்கே எழுபது வயதுக்குக் குறையாது. அந்தச் சிரிப்பு எனக்கு வெகுநாள் புரியவில்லை.

இல்லத்தில் 32 பேர். பெயர் எழுதக் கூடாது என்பதால் அறை எண்ணை வைத்துச் சொல்கிறேன். 9ஆம் அறைத் தாத்தாவுக்கு வயது 91. சசெக்ஸ் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒருநாள் காலை அவருடைய பல் செட்டைக் கழுவிக் கையில் கொடுத்தேன். "ஐயாம் எ பிட் லாங் இன் த டூத்" என்று சொல்லி, கையிலிருந்த செட்டைத் தூக்கிக் காட்டினார். பதினோரு வருடம் கரும்பலகையில் எழுதிய தொடர். அதை ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான் முதல் முறை. பல்லுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்பாவோடு சின்ன வயதில் குதிரைச் சந்தைக்குப் போன கதையைச் சொன்னார். குதிரைக்கு வயது ஏற ஏற ஈறு பின்வாங்கும், பல் நீண்டு முன்னால் சாயும். விற்கிறவன் என்ன வயது சொன்னாலும், வாங்குகிறவன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிடுவான். அதனால்தான் இனாமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்றும் ஒரு பழமொழி அவர்களிடம் உண்டு.

எனக்கு எட்டயபுரம் சந்தை கண்ணுக்குள் வந்துவிட்டது. ஆட்டின் தாடையைப் பிடித்து "ரெண்டு பல்லா, நாலு பல்லா?" என்று கேட்கும் என் தாத்தாவின் குரலும் கூடவே வந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாம் சொல்வது அப்படியே இதுதான் என்று சொன்னேன். தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நாள் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்தியாவிலும் பல்லைத்தான் பார்ப்பார்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே ஒன்று பிடிபட்டது. தனக்கு வயதாகிவிட்டது என்பதை இந்த மனிதர்கள் நேராகச் சொல்வதே இல்லை. ஒன்று குதிரை, கோழி என்று எதையாவது இழுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் எதிர்மறையில் சொல்வார்கள். 'நோ ஸ்ப்ரிங் சிக்கன்' என்றால் வசந்தகாலத்துக் கோழிக்குஞ்சு இல்லை என்று அர்த்தம். நான் என்னவாக இல்லை என்று மட்டும் சொல்லி, என்னவாக இருக்கிறேன் என்பதைக் கேட்கிறவர் ஊகத்துக்கு விட்டுவிடுவது. 'கெட்டிங் ஆன் எ பிட்' இன்னும் மென்மை. கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். எங்கே போகிறார் என்று சொல்ல மாட்டார். 'ஓவர் த ஹில்' மட்டும் இல்லத்தில் யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. மலையேறி முடித்து மறுபக்கம் இறங்குவது என்ற இந்தப் பேச்சு, 40ஆம் பிறந்தநாளுக்குக் கேலி அட்டை வாங்குகிறவர்களுடையது. நிஜமாகவே இறங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். 'மட்டன் டிரெஸ்ட் அஸ் லாம்'. நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. இங்கே முற்றிய செம்மறி ஆட்டுக்கறி மட்டன், ஒரு வயதுக்குட்பட்ட குட்டியின் கறி லாம். முற்றிய கறியை இளங்கறி மாதிரி அலங்கரித்து வைத்திருக்கிறது என்று, வயதுக்கு மீறி உடுத்தும் பெண்ணைச் சொல்வது. ஆணுக்கு இந்தத் தொடர் கிடையாது. தலை நரைத்த ஆண் மிடுக்காக இருந்தால் 'சில்வர் ஃபாக்ஸ்', வெள்ளி நரி. 14ஆம் அறை அம்மா, வயது 93, தினமும் காலையில் சிவப்பு லிப்ஸ்டிக் போடாமல் அறையைவிட்டு வரமாட்டார். கை நடுங்குவதால் நான்தான் போட்டுவிடுவேன். பார்க்க வந்த யாரோ ஒருவர் தாழ்வாரத்தில் மெதுவாக இதைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அம்மாவின் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு மத்தியானமே உதட்டைத் துடைத்துவிடச் சொன்னார்.

நம்மிடம் இது இல்லையா என்ன? "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்ற ஒரே வாக்கியத்தில் பூவும் பட்டும் கலர் சேலையும் பறிபோன எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். தமிழ் இலக்கண நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரிக்கின்றன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, கடைசியாகப் பேரிளம்பெண். பேரிளம்பெண் என்ற சொல்லின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பெரியவளும் அவளே, இளையவளும் அவளே. ஆனால் அந்தப் பருவத்துக்கு 32 முதல் 40 வரை என்று கணக்கு. 41ஆம் வயதுக்கு அந்தப் பட்டியலில் சொல்லே கிடையாது. எனக்கு இப்போது 43.

14ஆம் அறை அம்மாவிடம் நான் செய்த தவறையும் சொல்லவேண்டும். வந்த புதிதில், பாசத்தில், அவரை 'கிராண்ட்மா' என்று கூப்பிட்டேன். ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரைக்கூட பாட்டி, ஆச்சி என்றுதானே கூப்பிடுகிறோம். அவர் முகம் இறுகிவிட்டது. "நான் யாருக்கும் பாட்டி இல்லை. எனக்குப் பிள்ளைகளே கிடையாது" என்றார். 38 வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் வயதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்பவில்லை, ஒரு வாரம் ஆனது. முறை சொல்லிக் கூப்பிடுவது எல்லா ஊரிலும் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது, தான் வாழ்ந்த வாழ்க்கையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவதுபோல் இருந்திருக்கிறது. இந்த வேலைக்கான பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தருகிறார்கள்: எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'எல்டர்லி' என்று சொல்லாதீர்கள், 'ஓல்டர் பீப்பிள்' என்று சொல்லுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் குரலைக் குழைக்காதீர்கள். காதில் வாங்கியிருந்தேன். ஆனால் பாசத்தோடு சொன்னால் தவறாகாது என்று ஒரு எண்ணம்.

அதன்பிறகு சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. இரவுப் பணியில் மூன்று மணிக்குமேல் மணி அடிப்பது குறையும். அப்போது படிப்பேன். நாம் தினமும் நூறு தடவை சொல்லும் 'சார்' இருக்கிறதே, அதன் வேர் லத்தீனில் 'மூத்தவர்' என்று பொருள்படும் சீனியர். பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் 'சர்' ஆகி நம்மிடம் வந்திருக்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது மேயரோடு 12 ஆல்டர்மேன்களும் இருந்தார்கள். ஆல்டர்மேன் என்றாலும் மூத்தவர்தான். தமிழிலும் இதே கதை. சங்க இலக்கியத்தில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். குறிஞ்சிக் கிழவன் என்பது முருகன், தமிழ் மண்ணில் என்றும் இளையவனாகக் கும்பிடப்படும் தெய்வம். கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார் என்ற பெயரில் உள்ள கிழாரும் அந்த வேர்தான். உரிமைக்கும் தலைமைக்கும் வைத்திருந்த சொல், எந்தக் காலத்திலோ நடக்க மாட்டாதவரை வையும் சொல்லாகிவிட்டது. "ஏ கிழவி" என்று சந்தையில் யாராவது கத்தினால் அதில் உரிமையும் இல்லை, தலைமையும் இல்லை.

அரசாங்கங்கள் வைத்த சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரி 1 அன்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 70 வயது ஆனவர்களில் வசதி குறைந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. அதிலிருந்து 'ஓல்ட் ஏஜ் பென்ஷனர்', சுருக்கமாக ஓஏபி. நம் 'மூத்த குடிமக்கள்' ஆங்கிலத்தின் 'சீனியர் சிட்டிசன்' என்பதைத் தமிழாக்கியது. பழுதில்லாத சொல், படிவத்துக்கு நல்லது. ஒரே ஒரு சொல்லை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உடம்பு தேறிவிட்டது, ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் முதியவரை இங்கத்திய செய்தித்தாள்கள் 'பெட் பிளாக்கர்' என்று எழுதும். படுக்கையை அடைத்துக்கொண்டிருப்பவர். போக இடம் இல்லாதவரைப் பார்த்து வழியை மறிக்கிறாய் என்பது. செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டும் நேரத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவேன்.

21ஆம் அறை அம்மாவுக்கு மறதி நோய். டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். இருட்டத் தொடங்கியதும் அவருக்குப் பதற்றம் வரும், கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவருகே நிற்பார். வீட்டுக்குப் போகணும் என்பார். பொழுது சாயும்போது வரும் இந்தக் கலக்கத்துக்கு 'சன்டவுனிங்' என்று பெயர். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, "பாவம், டூலாலி ஆயிட்டாங்க" என்றாள். டூலாலி என்றால் புத்தி பிசகியவர். அன்றிரவு அந்தச் சொல்லைத் தேடினேன். அது தேவ்லாலி! மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்து ஊர். அங்கே பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது. இந்தியாவில் பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் கப்பலுக்காக அங்கே காத்துக்கிடந்தார்கள். மாதக்கணக்கில் வெயிலும் வேலையில்லாத பகலும். அதில் சிலருக்குச் சித்தம் கலங்கியது. இந்துஸ்தானியில் 'தப்' என்றால் காய்ச்சல். தேவ்லாலி காய்ச்சல் என்பதுதான் சிப்பாய்கள் வாயில் 'டூலாலி டாப்' ஆகி, அப்புறம் வெறும் டூலாலி ஆனது.

மறுநாள் மாலை 21ஆம் அறை அம்மா பையோடு வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சொல் வேறாகக் கேட்டது. ஊருக்குப் போகக் காத்திருந்தே கலங்கிப்போனவர்களுக்கு ஏற்பட்ட சொல் அது. அவர் பக்கத்தில் போய், உங்கள் வீட்டில் இந்நேரம் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "அம்மா டீ போட்டிருப்பாங்க" என்றார். அவருக்கு வயது 88.

9ஆம் அறைத் தாத்தா போன வருடம் மார்ச்சில் இறந்துபோனார். இங்கே இப்படி ஒருவர் இறந்தால் வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான். "ஹி ஹாட் எ குட் இன்னிங்ஸ்." நல்லா ஆடிட்டுப் போனார். கிரிக்கெட் தெரிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டவுடனே எனக்குக் 'கல்யாணச் சாவு' ஞாபகம் வந்தது. என் தாத்தா இறந்தபோது கொட்டும் வேட்டுமாகத்தான் எடுத்துப் போனோம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தோம். பழுத்த பழம் உதிர்ந்தது, இதற்கு அழலாமா என்றார்கள். இங்கேயும் 'ரைப் ஓல்ட் ஏஜ்', பழுத்த வயது என்று சொல்கிறார்கள். இரண்டு மொழிக்கும் பழம்தான் தோன்றியிருக்கிறது.

தாத்தாவின் மகள் அறையைக் காலிசெய்ய வந்திருந்தார். அவருக்கே 60க்கு மேல். ஒவ்வொருவராக வந்து 91 வயது, குட் இன்னிங்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நான் டீ கொண்டு போனபோது, அப்பாவின் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அழக் கூடாது இல்லையா என்று என்னிடம் கேட்டார். அழுங்கள் என்றேன். எங்கள் தாத்தாவின் கல்யாணச் சாவில் என் அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுததைச் சொன்னேன். அப்போது எனக்கு 12 வயது. கொட்டுச் சத்தத்தில் அம்மா அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

சொற்களைவிட, அவற்றுக்கு நாம் சொல்லும் பதில்தான் என்னை இப்போது அதிகம் யோசிக்க வைக்கிறது. வயதானவர் ஒருவர் 'நான் ஸ்ப்ரிங் சிக்கன் இல்லை' என்றால் ஆங்கிலத்தில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "அறுபதுக்கு மேல் ஒரு நாள் கூட மதிக்க முடியாது." நம்மிடமும் இருக்கிறது. "உங்களுக்கென்ன, வயசா ஆயிடுச்சு?" நல்ல மனதோடுதான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், 14ஆம் அறை அம்மா என்னை நிறுத்தும் வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "ஐயாம் நாட் லாங் ஃபார் திஸ் வேர்ல்ட்" என்றார். இன்னும் ரொம்ப நாள் இல்லை எனக்கு என்று அர்த்தம். நான் வழக்கம்போல, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், நூறு வயதுக்கு அரசரிடமிருந்து அட்டை வாங்கத்தானே போகிறீர்கள் என்றேன். 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் தந்தியாகத் தொடங்கிய வழக்கம் அது, இப்போது வாழ்த்து அட்டையாக வருகிறது. அந்த அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இதைச் சொன்னால் எல்லாரும் உடனே கதவைச் சாத்திவிடுகிறீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். சரி, சொல்லுங்கள் என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினார். சாவைப் பற்றி அதிகம் இல்லை. அலமாரியிலுள்ள கடிதக் கட்டு யாருக்குப் போகவேண்டும் என்று சொன்னார். தன் தங்கை மாதிரி ஆஸ்பத்திரியில் முடிந்துவிடக் கூடாது, இந்த ஜன்னல் பக்கம்தான் இருக்கவேண்டும் என்றார். ஜன்னல் விளிம்புக்கு ஒற்றைக்கால் கடற்காகம் ஒன்று தினமும் ரொட்டிக்கு வரும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்லக் குறித்து, பராமரிப்புக் கோப்பில் சேர்த்தேன். கடைசியில், இரண்டு வருடமாக இதைத்தான் சொல்லப் பார்த்தேன் என்றார். அப்போதுதான் எனக்கு அந்தத் தாத்தாவின் பல்செட்டும், டாக்ஸிக்காரரின் சிரிப்பும் விளங்கின. அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே கூப்பிட ஆளிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மெல்ல, விளையாட்டாக.

என் அம்மாவுக்கு 71 வயது. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். வாரம் மூன்று முறை பேசுவோம். "எனக்கென்னடி, காடு வா வாங்குது, வீடு போ போங்குது" என்பது அவள் பேச்சில் எப்போதும் வரும். "இந்தக் கட்டை வேகிற வரைக்கும்" என்றும் சொல்வாள். தன் உடம்பையே விறகுக்கட்டை என்று சொல்லிக்கொள்ளும் மொழி நம்முடையது. இதைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். "சும்மா இரும்மா, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு" என்று சொல்லி, பையனின் பள்ளிக்கூடம், இங்கத்திய குளிர் என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். எத்தனை வருடமாக!

14ஆம் அறை அம்மா சொன்ன அந்த வாரம், அம்மா மறுபடியும் காடு வா வாங்குது என்றாள். நான் பேச்சை மாற்றவில்லை. "ஏம்மா அப்படிச் சொல்ற, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு, முட்டி மடங்கவில்லை என்றாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, வெள்ளெழுத்து அதிகமாகிவிட்டது என்றாள். ராத்திரி எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாளாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறாளாம், எதற்கும் இருக்கட்டும் என்று. அப்புறம், "மொட்டை மாடிப் படியேறி ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.

வருடா வருடம் சித்திரை வெயிலில் அம்மா மாடியில் கூழ் வத்தல் பிழிந்து காயவைப்பாள். பழைய பிஸ்கட் டின்னில் அடைத்து, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். போன வருடமும் டின் வந்தது, இந்த வருடமும் வந்தது.

"அப்போ வத்தல்?" என்றேன்.

"மெயின் ரோட்டுல ஒரு கடையில நல்லாப் போடுறாங்க. அதை வாங்கி நம்ம டின்னுல போட்டு அனுப்புனேன். உப்புதான் கொஞ்சம் தூக்கல். நீ ஒண்ணும் சொல்லலையேன்னு நானும் சொல்லல."